16:8 ஃபாஸ்டிங்: நேரத்த எடுத்துக்கோங்க, பேக்கேஜ விட்ருங்க

மொதல்ல மார்க் போட்டுடறேன், அப்புறம் பொறுமையா படிக்கறவங்க படிங்க. ஒரு நாள்ல 16 மணி நேரம் சாப்டாம இருந்து மிச்ச 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாட்ட முடிச்சுக்கறது, அதான் எல்லாரும் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்னு சொல்றது, அதுக்கு 5க்கு 3. அதையே வாட்ஸ்அப் குரூப், ஆப், கோச்னு சேத்து பேக்கேஜா விக்கறாங்களே, அதுக்கு 5க்கு 1. அந்த ஒண்ணும் அப்பப்ப தண்ணி குடின்னு பெல் அடிச்சதுக்காக.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேல பாண்டில. ஆபீஸ்ல ஒரு அக்கா சேர்ந்து எடை கொறஞ்சுதுன்னு சொன்னதும் நாங்க நாலு பொம்பளைங்க ஒண்ணா சேர்ந்தோம். குரூப் பேரு வேணாம், கோச் பேரும் வேணாம், இந்த ஏரியால இதே மாதிரி அஞ்சாறு நடக்குது, எல்லாம் ஒரே அச்சு தான். மூணு மாசத்துக்கு மூவாயிரத்துக்கு பக்கம் கட்டணும். அதுக்கு ஒரு பிடிஎஃப் சார்ட், பெல் அடிக்கற ஆப், ஞாயித்துக்கிழமை ஜூம்ல ஒரு பேச்சு, அப்புறம் தெனமும் தட்ட போட்டோ புடிச்சு குரூப்ல போடணும். கோச் டயட்டீஷியன் படிச்சவரானு கேட்டேன், "எக்ஸ்பீரியன்ஸ் தான் மேடம் படிப்பு"ன்னு வந்துச்சு பதிலு. வடலூர்ல 1867ல வள்ளலார் மூட்டுன அடுப்பு பசின்னு வர்றவங்களுக்காக இன்னும் எரியுது, அதே மாவட்டத்துல உக்காந்துகிட்டு பட்டினி கெடக்க ஜீபே பண்றோம், எங்க மாமியார் இத சொல்லி சொல்லி சிரிச்சாங்க.

சார்ட்ல எல்லாருக்கும் ஒரே டைம், மதியானம் 12ல இருந்து ராத்திரி 8. ஆம்பளையா பொம்பளையா, நைட் ஷிஃப்டா, சக்கரை இருக்கா, கேள்வியே கெடையாது. காலைல டிபன் கட். ஆனா டிபன் எனக்கு தான கட்டு, வீட்ல மத்தவங்களுக்கு இல்லையே. ஆறு மணிக்கு எந்திரிச்சு இட்லி ஊத்தி, கார சட்னி தாளிச்சு, அவருக்கும் பசங்களுக்கும் டப்பா கட்டி, மதியத்துக்கு கொழம்பு வெச்சு, இவ்ளோவும் வெறும் வயித்தோட செய்யணும். கொழம்புல உப்பு பாக்கணும்ல, உள்ளங்கைல ஒரு சொட்டு விட்டு நக்குனா ஃபாஸ்டிங் ஒடஞ்சிடுமான்னு குரூப்ல ஒரு நாள் முழுக்க சண்ட. ஒடையும்னு கோச். அப்ப யாரு உப்பு பாக்கறதுன்னு ஒரு அக்கா கேட்டாங்க, கம்முனு போய்ட்டாரு. சமைக்கற பொம்பளைய மனசுல வெச்சு போட்ட சார்ட் இல்ல அது, அவ்ளோ தான்.

காபி சண்ட இன்னும் பெருசு. பால் காபி கூடாது, கருப்பு காபி குடிக்கலாம்னு ரூல். டிகாஷன்ல வெந்நி ஊத்தி சக்கரை இல்லாம குடிச்சு பாருங்க, தெரியும் சேதி. மொத வாரம் எனக்கு தலவலி, புளிச்ச ஏப்பம், வாய் ஒரு மாதிரி நாத்தம். பஸ்ல அரியாங்குப்பம் பாலத்துக்கிட்ட ட்ராஃபிக்ல நிக்கறப்ப பக்கத்து சீட்ல யாராவது பொட்டலத்த பிரிச்சா கண்ணு தானா போகும். ரெண்டாவது வாரத்துல பசி பழகிடுச்சு, அத ஒத்துக்கறேன், காலைல அந்த அடிச்சுப்புடிச்சு திங்கற பசி போய்டுச்சு. பசிங்கறதுல பாதி கடிகாரம் தான் போல, வழக்கமான நேரம் வந்தா வரும், கொஞ்ச நேரம் விட்டா போய்டும்.

பிரச்சன 12 மணிக்கு ஆரம்பிக்குது. ஆபீஸ்ல 11:55ல இருந்து நாலு பேரும் கேரியர கைல வெச்சுகிட்டு போன பாக்கறோம். பெல் அடிச்சதும் மூடி தெறக்கற சத்தம் கேக்கணுமே நீங்க. வழக்கமா ரெண்டு கரண்டி சோறு போட்டுக்கற நான் நாலு போட்டுக்கறேன், ஏன்னா காலைல தான் சாப்டலையே. மூணு மணிக்கு பக்கத்து பேக்கரில பஃப்ஸு, ஏன்னா விண்டோ, அதான் சாப்டலாம்னு விட்ட அந்த 8 மணி நேரம், ஓப்பன்ல தான இருக்கு. சாயங்காலம் கடலூர் வந்து சனிக்கிழமைன்னா சில்வர் பீச்சு, அங்க ஏழே முக்காலுக்கு மொளகா பஜ்ஜி கடை முன்னாடி நின்னு, எண்ணெய் வடியறதுக்கு கூட பொறுக்காம ஊதி ஊதி திங்கறேன், 8 மணிக்கு விண்டோ மூடிடும்னு. எட்டு மணிக்குள்ள தின்னா கணக்குல வராதுன்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல, ஆனா எங்க நாலு பேரு மண்டைலயும் அது எப்படியோ ஏறிடுச்சு.

எடை கொறஞ்சுதான்னு கேப்பீங்க. கொறஞ்சுது. மொத பத்து நாள்லயே ஒன்ற கிலோ கிட்ட எறங்குச்சு, குரூப்ல பட்டாசு எமோஜி. அது என்னன்னா, நம்ம ஒடம்பு சோத்துல இருந்து வர்ற சக்கரைய கிளைகோஜன்னு மாத்தி கல்லீரல்லயும் தசைலயும் சேத்து வைக்கும், அது பர்ஸ்ல இருக்கற சில்லறை, கொழுப்பு பேங்க்ல இருக்கற டெபாசிட். ராத்திரி சாப்டு சுமாரா பன்னெண்டு மணி நேரம் போச்சுன்னா கல்லீரல்ல இருக்கற சில்லறை கொறய ஆரம்பிச்சு டெபாசிட்ல கைய வைக்கும். இதுவரைக்கும் சார்ட்ல சரியா தான் போட்ருக்காங்க. அவங்க சொல்லாதது, அந்த கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் தன்கூட மூணு கிராம் கிட்ட தண்ணியையும் புடிச்சு வெச்சிருக்கும், அது கொறயறப்ப தண்ணியும் சேந்து போகும், மிஷின்ல முள்ளு எறங்கும். அப்புறம் என் முள்ளு அங்கயே நின்னுடுச்சு, பஜ்ஜி காரணமாவும் இருக்கலாம்.

ஏன் நின்னுச்சுன்னு கோச்ச கேட்டா 18:6 போங்கன்னாரு, அதாவது 18 மணி நேரம் பட்டினி, 6 மணி நேரம் சாப்பாடு. எனக்கு அதுல நம்பிக்க வரல, நானே தேடி படிக்க ஆரம்பிச்சேன். 2020ல அமெரிக்கால சான் ஃபிரான்சிஸ்கோல 116 பேர வெச்சு பண்ண ஒரு ஆராய்ச்சி இருக்கு, ட்ரீட்னு பேரு, அதுலயும் எங்க சார்ட் மாதிரியே 12ல இருந்து 8 வரைக்கும் தான் சாப்பாடு. பன்னெண்டு வாரம் கழிச்சு பாத்தா ஃபாஸ்டிங் இருந்தவங்களுக்கு சராசரியா 0.94 கிலோ, மூணு வேளையும் சாப்டவங்களுக்கு 0.68 கிலோ. வித்தியாசம்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல. அதுலயும் ஒரு பகுதி பேர நேர்ல வரவெச்சு ஸ்கேன் பண்ணி பாத்ததுல எறங்குன எடைல பாதிக்கு மேல கொழுப்பே இல்ல, தசைக்கணக்குல தான் போயிருக்கு. அத நடத்துன ஈத்தன் வைஸ்ங்கற இதய டாக்டர் பல வருஷமா தானே இந்த ஃபாஸ்டிங்க கடபுடிச்சவரு, ரிசல்ட்ட பாத்துட்டு நிறுத்திட்டாரு. அந்த நேர்மை எனக்கு புடிச்சிருந்துச்சு.

2022ல சீனால குவாங்சோ நகரத்துல 139 பேர வெச்சு ஒரு வருஷம் பாத்தாங்க. எல்லாருக்கும் கலோரிய கொறச்சு குடுத்துட்டு, பாதி பேர மட்டும் காலைல 8ல இருந்து சாயங்காலம் 4க்குள்ள சாப்ட சொன்னாங்க. நேரம் பாத்து சாப்டவங்க 8 கிலோ, பாக்காதவங்க 6.3 கிலோ, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் புள்ளிவிவர கணக்குப்படி நிக்கல, தற்செயலா கூட வந்திருக்கலாம். அதாவது எடை எறங்கறது கம்மியா தின்னதால. நேரம்ங்கறது கம்மியா திங்க வைக்கற ஒரு வேலி, அந்த வேலி சில பேருக்கு ஒத்து வரும், என்ன மாதிரி ஏழே முக்கா பஜ்ஜி ஆளுக்கு வராது.

ஆனா இன்னொரு சின்ன ஆராய்ச்சி தான் என்ன யோசிக்க வெச்சுது. 2018ல வந்தது, சக்கரை வர்ற நெலமைல இருக்கற எட்டே எட்டு ஆம்பளைங்க, 6 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு, ஆனா மதியம் 3 மணிக்குள்ள கடைசி சாப்பாட்ட முடிச்சுடணும். அஞ்சு வாரத்துல எடை கொறயாமலே இன்சுலின் நல்லா வேல செய்ய ஆரம்பிச்சுது, பிபியும் கொறஞ்சுது. எட்டு பேரு ரொம்ப கம்மி தான், அத வெச்சு ஊருக்கு சட்டம் போட முடியாது. ஆனா காலைல நம்ம ஒடம்பு சக்கரைய நல்லா சமாளிக்குது, ராத்திரி ஆக ஆக மந்தமாகுதுங்கறது வேற நெறய எடத்துலயும் சொல்ற விஷயம் தான். அப்ப காலை டிபன வெட்டிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வயிறு முட்ட திங்கறது தலைகீழ் தானங்க. ஆபீஸ் போறவங்களுக்கு டிபன விடறது ஈசி, ராத்திரி குடும்பத்தோட சாப்ட்டாகணும், அதனால விக்கறவங்க 12 டு 8ன்னு போட்டுக்கறாங்க. வியாபாரத்துக்கு வசதியான டைம் அது.

இத மாமியார்கிட்ட சொன்னப்ப "ஜெயினருங்க பொழுது சாஞ்சா சாப்டமாட்டாங்களே, அதானம்மா இது?"ன்னாங்க. அதே தான். நம்ம திருப்பாதிரிப்புலியூரே ஒரு காலத்துல சமணர் மடம் இருந்த ஊரு, அப்பர் சைவத்துக்கு திரும்பறதுக்கு முன்னாடி தருமசேனர்ங்கற பேர்ல சமணரா இருந்தது இங்க தான்னு சொல்வாங்க, இன்னிக்கும் செஞ்சி பக்கம் மேல்சித்தாமூர்ல தமிழ் சமணர்களுக்கு மடம் இருக்கு. வெளக்கு வெச்சா வாய்ல ஒண்ணும் வைக்கறது இல்லங்கறது அவங்களுக்கு தெனப்படி பழக்கம். எல்லாத்தையும் அந்த காலத்துலயே கண்டுபுடிச்சுட்டாங்கன்னு நான் சொல்ல வரல, எனக்கு அந்த பேச்சே அலர்ஜி. நம்ம வீட்டு அமாவாசை விரதத்தையே எடுத்துக்கோங்க, மதியம் வரைக்கும் பட்டினி கெடந்துட்டு வடை, பாயசம், அப்பளம்னு எலை போட்டு ஒரு கட்டு கட்டிட்டு படுத்தா எழுந்திரிக்க நாலு மணி ஆகும், அதுல எங்க எடை கொறயும்? அது சாமிக்கு, முன்னோருக்கு இருக்கறது, எடை மிஷினுக்கு இல்ல.

ஆட்டோஃபேஜிங்கற வார்த்தைய சொல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை பேச்சும் முடியாது. செல்லு தன் குப்பைய தானே தின்னு சுத்தம் பண்ணிக்கும், அதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்க, 16வது மணி நேரத்துல அது ஸ்டார்ட் ஆகும், கேன்சர் வராதுன்னு சார்ட்ல கலர் கலரா மணிக்கணக்கு போட்ருக்கு. நோபல் பரிசு உண்மை, 2016ல ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு. அவரு பாத்தது ஈஸ்ட்ல, அதான் ரொட்டி மாவு பொங்கறதுக்கு போடுவாங்களே அந்த ஈஸ்ட்டு. அவரு யாரையும் காலை டிபன விட சொல்லல. மனுஷ ஒடம்புல இத்தனாவது மணிக்கு இது ஆரம்பிக்கும்னு கடிகாரம் வெச்சு சொல்ற சார்ட்டுக்கு எந்த ஆதாரமும் இல்ல, அத நம்பி 15 மணி 40 நிமிஷத்துல பசி தாங்காம ஒரு வாழப்பழம் தின்னுட்டு எல்லாம் வீணா போச்சேன்னு ஒரு பொண்ணு குரூப்ல அழுதுச்சு. பாவமா இருந்துச்சு.

இப்ப கோவமான விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மா நெல்லிக்குப்பத்துல இருந்து வந்து எங்கூட தங்கியிருந்தாங்க. அவங்களுக்கு சக்கரை, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடறாங்க, மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம்ல வீட்டுக்கே வந்துடும். நான் டிபன் சாப்டறது இல்லன்னு பாத்துட்டு அவங்களும் என்கிட்ட சொல்லாம மாத்திரைய போட்டுட்டு வெறும் வயித்தோட இருந்திருக்காங்க. பதினோரு மணி வாக்குல பக்கத்து வீட்டக்கா போன், அம்மாவுக்கு நெத்தியெல்லாம் ஊத்துதாம், கை நடுங்குதாம், கேட்டதுக்கு சம்மந்தம் இல்லாம பேசறாங்களாம். நல்ல வேள அந்தக்கா மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கரச்சு குடுத்திருக்காங்க, கால் மணி நேரத்துல தெளிஞ்சுடுச்சு, அப்புறம் ரெண்டு இட்லியும் குடுத்திருக்காங்க. சாயங்காலம் நான் போய் கேட்டா "நீ சாப்டாம போறியே, எனக்கு மட்டும் எப்படிடி எறங்கும்"னு சொல்லுது.

இத நான் குரூப்ல போட்டேன், மத்தவங்களுக்கு ஒதவுமேன்னு. கோச் என்ன சொன்னாரு தெரியுமா, "டாக்சின்ஸ் வெளிய போறப்ப அப்படி தான் இருக்கும், மாத்திரைய பாதியா ஒடச்சு போட சொல்லுங்க." எனக்கு வந்த கோவத்துக்கு. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை, இன்சுலின் ஊசி, இதெல்லாம் நாம சாப்டாலும் சாப்டாட்டியும் சக்கரைய எறக்கிகிட்டே இருக்கும், 70க்கு கீழ போனா ஆபத்து, மயக்கம் போட்டு எங்கயாவது விழுந்தா யாரு பொறுப்பு? டாபாகிளிஃப்ளோசின்னு இன்னொரு வகை சக்கரை மாத்திரைல வேற மாதிரி சிக்கல், பட்டினில ரத்தத்துல அமிலம் ஏறிடலாம். மாத்திரைய மாத்தறதோ ஒடைக்கறதோ எழுதி குடுத்த டாக்டர் வேல. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சர்வேல சக்கரை நோய் அதிகமா இருக்கற எடத்துல கோவாவுக்கு அடுத்தது நம்ம பாண்டி தான், 26.3 சதவீதம், பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல. அப்படிப்பட்ட ஊர்ல நூத்துக்கணக்குல ஆள சேக்கறீங்க, சேக்கறப்ப ஒரே ஒரு கேள்வி, சக்கரை இருக்கா, என்ன மாத்திரைன்னு கேக்க முடியாதா? காசு திருப்பி கேட்டேன், "நோ ரீஃபண்ட் பாலிசி"ன்னு ஒரு ஸ்டிக்கர் அனுப்பினாங்க, ஸ்டிக்கருங்க, சிரிக்கற பொம்மை போட்டது.

ஒரு விஷயம் மட்டும் நியாயமா சொல்லணும். 2024 மார்ச்ல இந்த ஃபாஸ்டிங் இருந்தா இதய நோயால சாகற வாய்ப்பு 91 சதவீதம் கூடன்னு ஒரு செய்தி வந்துச்சு பாருங்க, அது இன்னமும் ஃபார்வர்ட்ல சுத்துது, குரூப்ல போட்டவங்கள அட்மின் தூக்கிடுவாரு. அது அமெரிக்க இதய சங்க மாநாட்டுல வாசிச்சது, இருபதாயிரம் பேருகிட்ட ரெண்டு நாள் என்ன சாப்டீங்கன்னு கேட்டு வெச்சத பல வருஷத்துக்கு அப்புறம் யாரு செத்தாங்கன்னு ஒப்பிட்டு பாத்தது. எட்டு மணி நேரத்துக்குள்ள மட்டும் சாப்டவங்க டயட்டுக்காக இருந்தாங்களா, வேல பளுவா, ஒடம்பு முடியாமலா, எதுவும் அதுல தெரியாது. அத வெச்சு ஃபாஸ்டிங் ஆள கொல்லும்னு சொல்றதும் அந்த சார்ட் மாதிரியே தான். ஏற்கனவே இதயத்துல பிரச்சன இருக்கறவங்க டாக்டர கேக்காம பண்ணாதீங்க, மத்தவங்க அந்த ஃபார்வர்ட பாத்து பயப்பட தேவ இல்ல.

இப்ப நான் என்ன பண்றேன்னா, காலைல எட்டு மணிக்கு பஸ்ஸுக்கு முன்னாடி டிபன், பால் காபியோட. ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்குள்ள, அதுக்கு அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் தண்ணி தான். 13 மணி நேரம் வருது, ஆப்ல காட்டுனா ஃபெயில்னு வரும், வரட்டும். பஸ் லேட்டானா ஏழரை ஆகும், கல்யாண ரிசப்ஷன்னா பத்து கூட ஆகும், மனசாட்சி குத்தறது இல்ல. ராத்திரி டிவி முன்னாடி உக்காந்து ஒரு பாக்கெட் மிக்சர காலி பண்ற பழக்கம் இதுல நின்னுடுச்சு, எனக்கு கெடச்ச லாபம் முக்கா வாசி அதுல தான்னு நெனக்கறேன். தசை போகுதுன்னு படிச்சதுல இருந்து மதியத்துல சோத்த ஒரு கரண்டி கொறச்சுட்டு பக்கத்துல ஒரு நல்ல துண்டு இருக்கற மாதிரி பாத்துக்கறேன், கடலூர்ல இருந்துகிட்டு மீனுக்கு என்ன பஞ்சம், மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் வஞ்சிரம் வெலைல பக்கத்துல கூட வராது. மீன் இல்லாத நாள்ல முட்டை, கொண்டக்கடலை சுண்டல். எடை பொறுமையா தான் எறங்குது. ஆனா மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் போய்டுச்சு, அது 12 டு 8ல இருந்தப்ப என்ன பாடு படுத்துச்சு.

5:2ன்னு ஒண்ணு இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் பொம்பளைங்க 500, ஆம்பளைங்க 600 கலோரி, ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காரு, அந்த ரெண்டு நாளும் அவருகிட்ட ஃபைல் எடுத்துட்டு யாரும் போறது இல்ல. ஒரே வேள சாப்டற ஓமேட் எல்லாம் நான் பக்கத்துலயே போகல. மாசமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, வளர்ற பசங்க, அல்சர் இருக்கறவங்க, சாப்பாட்ட பாத்தாலே பயந்து ஒதுங்கற பழக்கம் இருக்கறவங்க யாரும் இந்த பக்கமே வராதீங்க. சக்கரைக்கோ பிபிக்கோ மாத்திரை போடறவங்க மாத்திரை அட்டைய கைல எடுத்துட்டு போய் டாக்டர்ட்ட காட்டி, இத்தன மணி நேரம் சாப்டாம இருக்கலாமான்னு வாயால கேட்டுட்டு ஆரம்பிங்க. அம்மாவுக்கு டாக்டர் டிபன விடவே கூடாதுன்னுட்டாரு, ராத்திரி சாப்பாட்ட மட்டும் சீக்கிரம் முடிச்சுக்க சொன்னாரு.

எந்த குரூப்புன்னு கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க, சொல்ல மாட்டேன். தண்ணி குடிக்கறதுக்கும், ஏழு மணிக்கு சாப்டறதுக்கும் பெல் வேணும்னா உங்க போன்லயே அலாரம் இருக்கு.